வேலூர்ப் பக்கத்து எறும்புகளை மரபணுக் குறிப்பான்களால் படிப்பது: முழுமையான வழிகாட்டி

குடியாத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில் முசுறு எறும்பு சேகரித்த முதல் வருடம், மரத்துக்கு ஒரு குழாய் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மரமும் ஒரு தனிக் காலனி என்பது என் கணக்கு. டி.என்.ஏ. சோதனை முடிவுகள் வந்தபோது, அடுத்தடுத்த மரங்களில் எடுத்தவை ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. முசுறு ஒரே காலனியாகப் பல மரங்களில் பரவி, நிறைய இலைக்கூடுகள் கட்டி வாழும். ராணி இருப்பது அவற்றில் ஏதோ ஒரு கூட்டில்தான். இது புத்தகத்தில் படித்த விஷயம். ஆனால் களத்தில் சேகரிக்கும்போது அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பருவத்து உழைப்பில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் இந்த வழிகாட்டியில் இயந்திரத்தையும் ரசாயனத்தையும் விட, யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பி.சி.ஆர்., அதாவது ஒரு டி.என்.ஏ. துண்டை ஏராளமான பிரதிகளாகப் பெருக்குவதை, ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தவறாகச் சேகரித்த எறும்பை எந்தப் பி.சி.ஆரும் சரிசெய்யாது. விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் முதுகலை மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதும், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், இந்த வேலைக்கு வேண்டிய எறும்புகள் வாசற்படியிலேயே கிடைக்கின்றன.

படி 1: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"எறும்புகளின் மரபணுப் பன்மை" என்ற ஒரே தலைப்புக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, காலனிக்கு உள்ளே பார்ப்பது. ராணி ஒன்றா, பலவா? ஒரு ராணி எத்தனை ஆண்களோடு கூடியது? வேலைக்கார எறும்புகள் தமக்குள் எவ்வளவு நெருங்கிய உறவு? இதற்குக் காலனிகள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு காலனியிலிருந்தும் நிறைய எறும்பு வேண்டும்.

மற்றொன்று, காலனிகளுக்கு இடையே பார்ப்பது. பாலாற்றின் இந்தக் கரை எறும்பும் அந்தக் கரை எறும்பும் கலக்கின்றனவா? சமவெளியில் இருப்பதும் சுமார் 1,100 மீட்டர் உயர ஏலகிரியில் இருப்பதும் ஒரே இனக்கூட்டமா? இதற்குக் காலனிகள் நிறைய வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு எறும்பு போதும்.

இரண்டையும் செய்யலாம், ஆனால் ஒரே சேகரிப்பில் இரண்டுக்கும் அரைகுறையாகப் பதில் தேட வேண்டாம். முதல் ஆய்வு என்றால் உள்ளே பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து காலனியில் தெளிவான பதில் கிடைக்கும்.

படி 2: எறும்பின் உறவுமுறையைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது.

எறும்பில் விந்து சேர்ந்த முட்டையிலிருந்து பெண் வரும், சேராத முட்டையிலிருந்து ஆண் வரும். ஆணுக்கு அப்பன் கிடையாது. அதன் உடலில் குரோமோசோம் ஒரே ஒரு தொகுதிதான். அதனால் ஓர் ஆண் தன் மகள்கள் எல்லாருக்கும் அச்சு மாறாமல் ஒரே தொகுதியைக் கொடுக்கிறது. ராணியிடம் இரண்டு தொகுதி இருப்பதால், மகளுக்கு அதில் பாதி கலந்து போகிறது.

இப்போது கணக்கு. ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு சகோதரிகளுக்கு அப்பன் வழிப் பாதி முழுக்க ஒன்று: 0.5. தாய் வழிப் பாதியில் சராசரியாகப் பாதிதான் ஒன்று: 0.25. கூட்டினால் உறவெண் 0.75. நம் வீட்டு அக்கா தங்கைக்கு இது 0.5. தாய் ஒன்று, அப்பன் வேறு என்றால் எறும்புச் சகோதரிகளுக்கு வெறும் 0.25. வேலைக்கார எறும்பு தான் பிள்ளை பெறாமல் சகோதரிகளை வளர்ப்பது ஏன் என்ற கேள்விக்கு 1964-ல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் முன்வைத்த விளக்கத்தில் இந்த 0.75 முக்கியமான எண்.

ராணி வாழ்நாளின் தொடக்கத்தில் பறந்து போய்க் கூடுகிறது. ஆண் சீக்கிரமே செத்துவிடும். அதன் விந்தை ராணி வயிற்றில் ஒரு பையில் சேமித்து ஆண்டுக்கணக்கில் செலவழிக்கும். ஆக, நாம் வளையைத் தோண்டும்போது அப்பன் அங்கே இல்லை. அப்பன் எத்தனை பேர் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி, மகள்களின் மரபணு. குறிப்பான்கள், அதாவது எறும்புக்கு எறும்பு மாறுபடும், ஆய்வகத்தில் படிக்கக்கூடிய டி.என்.ஏ. இடங்கள், நமக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

படி 3: எந்த எறும்பு?

கட்டெறும்பு தொடக்கத்துக்கு நல்லது. வேலூர் வெயிலிலும் வேப்ப மரத்தடியிலும் பள்ளி மைதானத்திலும் இருக்கிறது. உருவம் பெரியது, இரண்டு கால் எடுத்தாலே போதுமான டி.என்.ஏ. கிடைக்கும். இதன் பேரினமான கேம்போனோட்டஸில், ஆஸ்திரேலிய இனம் ஒன்றுக்கு 1999-லேயே மைக்ரோசாட்டலைட் (படி 4-ல் விளக்குகிறேன்) பிரைமர்கள் வெளியாகியுள்ளன. பிரைமர் என்பது டி.என்.ஏ.வில் குறித்த இடத்தில் ஒட்டி, பி.சி.ஆர். பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சின்னத் துண்டு. அவற்றை நம் கட்டெறும்பில் சோதித்துப் பார்க்கலாம்.

முசுறு, பழந்தமிழில் முயிறு, இரண்டாவது தேர்வு. இதற்கென்றே பிரைமர்கள் இருக்கின்றன. இந்திய முசுறும் தென்கிழக்காசிய முசுறும் மைட்டோகாண்ட்ரியா வரிசையில் தனித்தனிக் கிளை என்பதும் தெரிந்த விஷயம், ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுத் தரவுத்தளத்தில் வரிசைகள் கிடைக்கும்.

மூன்றாவது டயகாமா. வறண்ட காட்டு ஓரங்களில் மெல்ல நடக்கும் பெரிய கறுப்பு எறும்பு. வளை வாயைச் சுற்றிப் பறவைச் சிறகுகளை அடுக்கி வைக்கும். விடியற்காலைப் பனி அதில் தங்கும், எறும்பு அதைக் குடிக்கும். இதற்கு ராணி என்ற தனி வடிவமே கிடையாது. ஆணோடு கூடிய ஒரே ஒரு வேலைக்கார எறும்பு முட்டையிடுகிறது. காலனி சிறியது என்பதால் முழுக் குடும்பத்தையும் பிடித்துவிட முடியும். என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதல் ஆய்வுக்கு எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லும் எறும்புகளும் இருக்கின்றன. வீட்டுக்குள் கோணல்மாணலாக ஓடும் நீண்ட கொம்பு எறும்பில், அதாவது பாராட்ரெகினா லாங்கிகார்னிஸில், ராணிகள் தாயின் நகலாகவும் ஆண்கள் அப்பனின் நகலாகவும் பிறக்கின்றன, வேலைக்காரிகள் மட்டும் இருவரின் கலப்பு என்று 2011-ல் காட்டினார்கள். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பக்கம் ஊர் ஊராகப் படையெடுத்த மஞ்சள் பைத்திய எறும்பு இன்னும் விசித்திரம்: அதன் ஆண்களின் உடலில் இரண்டு வெவ்வேறு மரபு வழிச் செல்கள் கலந்திருக்கின்றன என்று 2023-ல் வெளியானது. இவற்றில் சாதாரண உறவுக் கணக்கைப் போட்டால் விடை தப்பாக வரும். அனுபவம் வந்த பிறகு எடுக்கலாம்.

படி 4: எந்தக் குறிப்பான்?

நம் பக்கத்து ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்ப்பது ஆர்.ஏ.பி.டி., ஐ.எஸ்.எஸ்.ஆர். இரண்டும். டி.என்.ஏ.வின் பல இடங்களைப் பொதுவான பிரைமரால் பெருக்கி, ஜெல்லில் பட்டைகளாகப் பார்க்கும் முறைகள் இவை. செலவு குறைவு, அகரோஸ் ஜெல் போதும், இனத்துக்கென்று பிரைமர் தேட வேண்டாம். ஆனால் இவற்றில் ஒரு பட்டை இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியும். அந்த எறும்பு அந்த அல்லீலை, அதாவது ஓர் இடத்தில் வரக்கூடிய மாற்று வடிவங்களில் ஒன்றை, ஒரு பிரதி வைத்திருக்கிறதா, இரண்டு பிரதியா என்று தெரியாது. அப்பன், தாய் என்று பிரித்து எழுத முடியாது. ஆர்.ஏ.பி.டி. பட்டைகள் வேறு நாளில், வேறு இயந்திரத்தில் மாறியும் வரும். காலனிக்குள் உறவு பார்க்க இவற்றை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாணவரின் ஒரு வருடம் அதில் போய்விடுகிறது.

எடுக்க வேண்டியது மைக்ரோசாட்டலைட். டி.என்.ஏ.வில் ஜி-ஏ, ஜி-ஏ, ஜி-ஏ என்று ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. துண்டின் நீளம் ஒன்று முதல் ஆறு எழுத்து. எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், நீளத்தை அளந்தாலே அல்லீல் தெரிந்துவிடும். நீளம் அளக்கும் இயந்திரம் வரையும் படத்தில் இரண்டு பிரதியும் தனித்தனி உச்சியாகத் தெரியும். உங்கள் இனத்துக்குப் பிரைமர் இல்லையென்றால், பல எறும்பினங்களுக்குப் பொதுவாக வேலை செய்யும் தொகுப்பு ஒன்று 2014-ல் வெளிவந்தது. அதில் பத்துப் பதினைந்தைச் சோதித்தால் ஆறேழாவது நன்றாக வரும். ஆறு முதல் பத்து இடங்கள் போதும்.

இன்னொன்று மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணு. 1994-ல் ஃபோல்மர் குழு வெளியிட்ட பிரைமர் இணை சுமார் 658 எழுத்து நீளத் துண்டைப் பெருக்கித் தரும். இது தாய் வழியாக மட்டும் வரும். ஒரே தாய்க்குப் பிறந்த எல்லாருக்கும் ஒன்றே என்பதால் ஒரு காலனிக்கு ஓர் எறும்பு போதும். இனத்தை உறுதிசெய்யவும், பெண் வழி இடப்பெயர்ச்சியைப் பார்க்கவும் உதவும். அப்பனைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது.

முழு மரபணுத்தொகுதியில் ஆயிரக்கணக்கான ஒற்றை எழுத்து மாற்றங்களைப் பார்க்கும் முறைகள் இப்போது பரவலாகிவிட்டன. நிதி இருந்தால் நல்லது. கல்லூரித் திட்டத்துக்கு மைக்ரோசாட்டலைட்டே இன்றும் தாங்கும்.

படி 5: களத்தில்

அனுமதி முதலில். காப்புக்காட்டுக்குள் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும். ஜவ்வாது மலை இப்போது மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதால், எந்த வனக்கோட்டம் என்று பார்த்து விண்ணப்பியுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் விதிகளைத் துறைத்தலைவரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். முசுறு மாம்பழப் பூச்சிகளைத் தின்னும், அறுவடைக்கு மரம் ஏறுபவரைக் கடிக்கவும் செய்யும். எந்த மரத்தில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சை நோட்டில் எழுதி வையுங்கள்.

நேரம்: வேலூர் வெயிலில் நடுப்பகலில் பல எறும்புகள் வளைக்குள் போய்விடும். காலை ஆறரை முதல் ஒன்பது, மாலை நான்கரைக்கு மேல் நல்லது. இறக்கை முளைத்த ஆண்களும் இளம் ராணிகளும் வேண்டுமென்றால் மழையை ஒட்டிப் போங்கள்.

காலனி எல்லையைக் கண்டுபிடிப்பது மரபணுவுக்கு முன்பே நடக்க வேண்டிய வேலை. இரண்டு கூடுகளிலிருந்து தலா ஐந்து எறும்பை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் விடுங்கள். தாடையைத் திறந்து பாய்ந்து சண்டையிட்டால் வேறு காலனி. உணர்கொம்பால் தடவிவிட்டு நகர்ந்தால் ஒரே காலனியாக இருக்கலாம். முசுறில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அந்த முதல் வருடம் நான் தவறவிட்டது இந்தப் பத்து நிமிடச் சோதனையைத்தான்.

ஒரு காலனிக்கு எத்தனை எறும்பு? இதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஓர் அப்பனின் பங்கு 10 சதவீதம் என்று வையுங்கள். நீங்கள் எடுக்கும் ஓர் எறும்பு அவன் மகளாக இல்லாதிருக்க வாய்ப்பு 0.9. இருபது எறும்பு எடுத்தும் அவன் மகள் ஒன்றுகூட அகப்படாமல் போக வாய்ப்பு 0.9-ஐ இருபது முறை பெருக்கினால் வரும்: சுமார் 0.12. முப்பது எடுத்தால் 0.04. அவன் பங்கு 5 சதவீதம்தான் என்றால் இருபது எறும்பில் தவறவிடும் வாய்ப்பு 0.36 வரை போகும், அறுபது எடுத்தால்தான் 0.05-க்குக் கீழே வரும். நான் முப்பது எடுக்கிறேன். வளை வாயில் மட்டும் எடுக்காமல் உள்ளேயிருந்தும் எடுக்க வேண்டும். வாயில் சுற்றுவதில் பக்கத்து வளையிலிருந்து வழிதவறியதும் இருக்கும்.

குழாயில் 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமான எத்தனால். இது அனுமதி பெற்ற ஆய்வகத்துக்குத்தான் கிடைக்கும், அதனால் துறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெயின்ட் கடையில் விற்கும் கலப்பு ஸ்பிரிட்டில் போட்டால் எறும்பின் உருவம் அப்படியே இருக்கும், உள்ளே டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். ஒருமுறை எத்தனால் தீர்ந்துபோய் நான் அப்படிப் போட்ட மாதிரிகளில் சி.ஓ.ஐ. கூடச் சரியாக வரவில்லை. எறும்பு குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எறும்பு உடம்பின் தண்ணீர் எத்தனாலை நீர்க்கச் செய்யும், ஆகவே அன்று இரவே பழையதைக் கொட்டிவிட்டுப் புது எத்தனால் ஊற்றுங்கள். மே மாதத்தில் பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டாம், ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். ஆய்வகத்தில் மைனஸ் 20 டிகிரி.

விவரச்சீட்டு பென்சிலில் எழுதிக் குழாய்க்கு உள்ளே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து எல்லாக் குழாயும் ஊர் பேர் தெரியாததாகிவிடும். காலனி எண், தேதி, அலைபேசியில் பார்த்த அட்சரேகை தீர்க்கரேகை, மரத்தின் பெயர் அல்லது மண்ணின் தன்மை. இவ்வளவும் வேண்டும்.

ராணி கண்ணில் பட்டால் கொல்லத் தேவையில்லை. அதன் மரபணுவை மகள்களைக் கொண்டே கண்டுபிடிக்கலாம், படி 8-ல் பாருங்கள்.

படி 6: டி.என்.ஏ. எடுப்பது, பெருக்குவது

வயிற்றுப் பகுதியைத் தொட வேண்டாம். அதில் தின்ற இரையின் டி.என்.ஏ., பாக்டீரியா எல்லாம் இருக்கும். கேம்போனோட்டஸ் குடலோடு பிளாக்மானியா என்ற பாக்டீரியா காலங்காலமாகக் கூடவே வாழ்கிறது. ராணியாக இருந்தால் வயிற்றில் சேமித்த விந்தும் இருக்கும். அதைச் சேர்த்து எடுத்தால் ராணிக்கு மூன்று அல்லீல் இருப்பதாகத் தெரியும். கட்டெறும்புக்கு இரண்டு கால், முசுறுக்கு நான்கு கால், சின்ன எறும்புக்குத் தலையும் மார்பும்.

எடுத்த கால்களை டிஷ்யூ தாளில் வைத்து எத்தனாலை உலர விடுங்கள். 5 சதவீத செலெக்ஸ் (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகள்) கரைசல் 100 மைக்ரோலிட்டர், புரோட்டினேஸ் கே (புரதத்தைச் சிதைக்கும் நொதி) 2 முதல் 5 மைக்ரோலிட்டர். 56 டிகிரியில் இரண்டு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. பிறகு 95 டிகிரியில் 15 நிமிடம். மையவிலக்கியில் சுற்றி மேலே நிற்கும் நீரை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் செலெக்ஸ் மணி ஒன்றிரண்டு வந்துவிட்டாலும் அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், பி.சி.ஆர். நடக்காது. "டி.என்.ஏ. இருக்கிறது, ஆனால் பெருகவில்லை" என்று புலம்பும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

பி.சி.ஆர். 10 மைக்ரோலிட்டர் போதும். 95 டிகிரி 5 நிமிடம்; பிறகு 94-ல் 30 நொடி, 55-ல் 30 நொடி, 72-ல் 45 நொடி என 35 சுற்று; கடைசியில் 72 டிகிரியில் 30 நிமிடம். இந்தக் கடைசி அரை மணி நேரத்தைக் குறைக்க வேண்டாம். டாக் நொதி ஒவ்வொரு துண்டின் முனையிலும் ஓர் 'ஏ' எழுத்தைச் சேர்க்கும். நேரம் போதாவிட்டால் பாதித் துண்டில் சேர்த்தும் பாதியில் சேர்க்காமலும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரட்டை உச்சி வரும். 55 என்பது ஒரு தொடக்கம்தான், பிரைமருக்குப் பிரைமர் 50 முதல் 60 வரை சோதியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் டி.என்.ஏ. போடாத ஒரு குழாய் கட்டாயம்.

மைக்ரோசாட்டலைட் நீளத்தை அளக்கப் பிரைமரில் ஒளிரும் சாயம் வேண்டும். ஒவ்வொரு பிரைமருக்கும் சாயம் ஒட்டி வாங்குவது செலவு. எம்13 வால் சேர்த்த சாதாரண பிரைமர், கூடவே சாயம் ஒட்டிய பொதுவான எம்13 பிரைமர் ஒன்று என்ற முறை 2000-ல் வந்தது; எல்லா இடங்களுக்கும் ஒரே சாயப் பிரைமர் போதும். அளவிடும் கேபிலரி இயந்திரம் கல்லூரியில் இல்லாவிட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பலாம். முதல் தடவை எட்டு மாதிரி மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

படி 7: உச்சிகளைப் படிப்பது

கணினி தானாகக் குறிக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள். பெரிய உச்சிக்கு இரண்டு எழுத்து முன்னால் சின்னச் சின்ன உச்சிகள் படிக்கட்டு மாதிரி வரும். நொதி வழுக்குவதால் வருவது அது, அல்லீல் கிடையாது. 181.8, 182.1, 182.3 என்று வருவதை எல்லாம் 182 என்று ஒரே பெட்டியில் போடுங்கள். பத்தில் ஒரு மாதிரியை முதலிலிருந்து திரும்பச் செய்து, எத்தனை தடவை விடை மாறுகிறது என்று எழுதி வையுங்கள். இந்தப் பிழை விகிதம் அடுத்த படியில் தேவைப்படும்.

ஆண் எறும்பு ஒன்றிரண்டு கிடைத்தால் சேர்த்து ஓட்டுங்கள். ஆணுக்கு எல்லா இடத்திலும் ஒரே உச்சிதான் வர வேண்டும். பல இடங்களில் இரண்டு வந்தால், ஒன்று மாதிரி கலந்துவிட்டது, அல்லது அது இரட்டைத் தொகுதி ஆண். எறும்பில் பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணு இடத்தில் இரண்டு வேறு அல்லீல் இருந்தால் பெண், ஒன்றே இருந்தால் ஆண். நெருங்கிய உறவுக்குள் கூடும்போது இரண்டு பிரதியும் ஒன்றாகி, பெண்ணாக வேண்டியது ஆணாகிவிடும். அமெரிக்காவுக்குள் சிறு எண்ணிக்கையில் நுழைந்து பெருகிய நெருப்பெறும்பில் இது நிறையக் காணப்பட்டது. பன்மை சுருங்குகிறது என்பதற்கு இவ்வளவு நேரடியான அடையாளம் வேறு இல்லை. அப்படி ஓர் ஆண் கிடைத்தால் திரும்பச் சரிபாருங்கள், உண்மை என்றால் அதுவே உங்கள் ஆய்வின் முக்கியமான முடிவு.

படி 8: குடும்பத்தைத் திரும்பக் கட்டுவது

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு காலனியில் முப்பது எறும்புக்கும் ஒரு மைக்ரோசாட்டலைட் இடத்தில் கிடைத்தவை: சிலதுக்கு 182/186, சிலதுக்கு 186/190. இந்த இரண்டு வகை மட்டும்தான். எல்லாவற்றிலும் 186 இருக்கிறது, அது அப்பன் கொடுத்தது. மிச்சம் 182, 190 இரண்டும் ராணியின் இரண்டு பிரதிகள். பார்க்காத ராணியும் செத்துப்போன அப்பனும் ஒரே வரியில் தெரிந்துவிட்டார்கள். ஒரு ராணி, ஓர் ஆண் என்றால் ஓர் இடத்தில் அதிகபட்சம் மூன்று அல்லீல்தான் இருக்க முடியும்.

இன்னொரு காலனியில் இவற்றோடு 182/194, 190/194-உம் வருகிறது. ராணி அதே 182/190, ஆனால் 194 கொடுத்த இரண்டாவது அப்பன் இருக்கிறான். இதே பிரிவு மற்ற இடங்களிலும் அதே எறும்புகளில் வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் வந்தால் நம்ப வேண்டாம்.

182-உம் இல்லை, 190-உம் இல்லை என்று ஓர் எறும்பு வந்தால்? ஒன்று இன்னொரு ராணி, அல்லது வெளியிலிருந்து வந்த எறும்பு, அல்லது படிப்பதில் பிழை. சி.ஓ.ஐ. வரிசையும் வேறாக இருந்தால் தாய் வேறு என்று உறுதி.

மறைந்த அல்லீல் என்று ஒன்று உண்டு, இதில் மாட்டாதவர் குறைவு. பிரைமர் ஒட்டும் இடத்திலேயே மாற்றம் ஏற்பட்டிருந்தால் அந்தப் பிரதி பெருகாது, உச்சி வராது. அப்பனுக்கு அப்படி இருந்தால் பாதி மகள்கள் 182 மட்டும், மீதிப் பாதி 190 மட்டும் என்று காட்டும். பார்த்தவுடன் இரண்டு ராணி என்று தோன்றும். மற்ற இடங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று சொன்னால் இந்த இடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு அப்பன்களுக்கும் எல்லா இடத்திலும் ஒரே அல்லீல் இருந்தால் அவர்களைப் பிரிக்க முடியாது. ஓர் இடத்தில் சம அளவில் ஐந்து அல்லீல் இருந்தால் இரண்டு ஆண்கள் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.2. அப்படி ஐந்து இடம் பார்த்தால் 0.2-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 0.00032. இரண்டு அல்லீல் மட்டுமே உள்ள இடங்கள் இரண்டை வைத்துக்கொண்டு பார்த்தால் 0.25. ஆறு முதல் பத்து இடம் கேட்டது இதனால்தான்.

அப்பன் எண்ணிக்கையை விட அவர்களின் பங்கு முக்கியம். ஒருவனுக்கு 70 சதவீத மகள்கள், மற்றவனுக்கு 30 என்றால், 0.7-இன் வர்க்கமும் 0.3-இன் வர்க்கமும் கூட்டினால் 0.58. ஒன்றை 0.58-ஆல் வகுத்தால் 1.72. இதுதான் செயல்படும் அப்பன் எண்ணிக்கை. சகோதரிகளின் சராசரி உறவெண்: 0.25 கூட்டல் 0.5 வகுத்தல் 1.72, அதாவது சுமார் 0.54. பெயரளவுக்கு இரண்டு அப்பன் என்று எழுதினால் 0.5 வந்திருக்கும்.

கையால் செய்து பழகிய பிறகு 'கொலனி' என்ற இலவச மென்பொருளில் போடுங்கள். அதில் இரட்டை-ஒற்றைத் தொகுதி இனம் என்ற தேர்வை மறக்காமல் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பை மனிதக் குடும்பம் போலக் கணக்கிடும். படி 7-ல் எழுதிய பிழை விகிதத்தைக் கொடுங்கள். கையால் கட்டிய குடும்பமும் மென்பொருள் கட்டியதும் வேறுபட்டால், அந்த எறும்பின் உச்சிப் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும்.

படி 9: வட்டார அளவில்

இங்கே ஒரு விதிதான் மிக முக்கியம்: ஒரு காலனிக்கு ஓர் எறும்பு. பத்துக் காலனியில் இருபது வீதம் இருநூறு எறும்பு வைத்திருந்தாலும், உங்களிடம் இருப்பது பத்துக் குடும்பம்தான். சகோதரிகளை எல்லாம் சேர்த்து ஹார்டி-வைன்பெர்க் சோதனை (இனக்கூட்டத்தில் அல்லீல்கள் தற்செயலாகக் கலக்கின்றனவா என்று பார்ப்பது) போட்டால் தப்பாக வரும். மரபணு ஒற்றுமையை வைத்துக் கூட்டம் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருளில் போட்டால் குடும்பங்களையே தனி இனக்கூட்டம் என்று பிரித்துக் காட்டும். அழகான வண்ணப் படம் வரும், அர்த்தம் இருக்காது.

சேகரிக்கும் ஒவ்வொரு ஊர்ப் பகுதிக்கும் 20 முதல் 30 காலனி எடுங்கள். எதிர்பார்க்கும் பன்மையைக் கணக்கிடுவது எளிது: அல்லீல்களின் பங்கு 0.5, 0.3, 0.2 என்றால், அவற்றின் வர்க்கங்களின் கூட்டல் 0.38, ஒன்றிலிருந்து கழித்தால் 0.62. ஊர்ப் பகுதிகளுக்கு இடையே எவ்வளவு பிரிவு என்பதை அளக்கும் எண் எஃப்.எஸ்.டி. ஆகும்; எக்செல்லிலேயே ஓடும் ஜீனலெக்ஸ் மென்பொருள் இதற்குப் போதும். தூரம் கூடக் கூடப் பிரிவு கூடுகிறதா என்றும் அதிலேயே பார்க்கலாம்.

டயகாமாவில் மைக்ரோசாட்டலைட்டும் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ.யும் வேறு வேறு கதை சொல்லும். பெண் பறப்பதில்லை, காலனி இரண்டாகப் பிரிந்து, நடந்துதான் புது வளைக்குப் போகிறது. ஆண் மட்டும் பறக்கிறது. அதனால் மைட்டோகாண்ட்ரியா இடத்துக்கு இடம் கூர்மையாக மாறும், மைக்ரோசாட்டலைட் அந்த அளவுக்கு மாறாது. தென்னிந்தியாவில் வாழும் டயகாமா சயானிவென்ட்ரே பற்றி 2002-ல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. நடந்தே பரவும் எறும்புக்குப் பாலாறு எவ்வளவு பெரிய தடை, வறண்ட மணலாகக் கிடக்கும் மாதங்களில் கடக்கிறதா என்பது நம் ஊரில் கேட்க வேண்டிய நல்ல கேள்வி. இரு கரையிலும், ஆற்றின் ஒரே கரையில் அதே தூர இடைவெளியிலும் எடுத்து ஒப்பிட்டால்தான் ஆற்றின் பங்கைத் தூரத்தின் பங்கிலிருந்து பிரிக்க முடியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் எறும்புப் பன்மை குறைந்திருக்கிறதா என்று பார்க்க விரும்புபவர்கள், ஒரு கெட்ட இடம் ஒரு நல்ல இடம் என்று இரண்டை மட்டும் ஒப்பிட வேண்டாம். எந்த இரண்டு இடத்துக்கும் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது நான்கைந்து இடமாவது வேண்டும்.

சி.ஓ.ஐ. வரிசை வந்ததும் பூச்சி மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டில் புரதமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது செல்லின் உட்கருவுக்குள் புகுந்த பழைய போலிப் பிரதி, தூக்கிப் போடுங்கள். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பரவும்போது ஒரு தாய் வழி வரிசையையே ஊர் முழுக்கப் பரப்பிவிடும். ஆகவே மைட்டோகாண்ட்ரியாவில் பன்மை மிகக் குறைவாகத் தெரிந்தால் அந்தப் பாக்டீரியாவுக்கும் ஒரு பி.சி.ஆர். போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 10: எடுத்து வைப்பது

ஒவ்வொரு காலனியிலிருந்தும் கால் எடுக்காத முழு எறும்பு மூன்றை ஊசியில் குத்தியோ எத்தனாலில் போட்டோ அதே காலனி எண்ணோடு துறை அருங்காட்சியகத்தில் வையுங்கள். நாளைக்கு இனப்பெயர் மாறினால் அந்த மூன்று எறும்புதான் பதில் சொல்லும். சி.ஓ.ஐ. வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். மைக்ரோசாட்டலைட் அட்டவணையை முழுதாக, நீக்கிய இடங்களும் நீக்கியதற்கான காரணமும் சேர்த்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போடுங்கள். மிச்சமிருக்கும் டி.என்.ஏ. குழாய்களை மைனஸ் 20-ல், பெட்டியின் மூடியில் வரைபடம் ஒட்டி வைத்துவிட்டு, அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை உங்களுக்கு அடுத்து வரும் மாணவரின் கையில் கொடுங்கள்.